ஐந்தாம் இலக்கக் கேபிள்

2008ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை ஊசிமலைத் தோட்டப் பாடசாலைக்குப் பதினொரு கணினிகள் வந்து இறங்கின. மேசை வந்தது, நாற்காலி வந்தது, இவ்வறையில் உண்ணக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதிய பலகையும் வந்தது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள் மட்டும் வரவில்லை. அது வந்து இணைக்கும் வரை கணினிகளை இயக்கக் கூடாது என்பது உத்தரவு. பாடத்துக்குப் பொறுப்பான பாக்கியலெட்சுமி டீச்சர், கேபிள் அடுத்த லொறியில் வரும் என்று நம்பினாள். அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்து பதினான்கு வருடம் அரசாங்கத்தில் வேலை பார்த்த பிறகும் அவளிடம் நம்பிக்கை மிச்சம் இருந்தது.

ஆறு மாதம் போனது. அவள் நான்கு கடிதம் எழுதினாள், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐந்தாவது கடிதம் எழுத உட்கார்ந்த நாளில், எதிர்த் திசையிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்குள் கணினிகள் இணைக்கப்பட்டு இயங்காவிட்டால், அவை திருப்பி எடுக்கப்பட்டு ‘பயன்படுத்தத் தெரிந்த’ நகரப் பாடசாலை ஒன்றுக்கு வழங்கப்படும் என்றிருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு முப்பத்திரண்டு பிள்ளைகள் கணினிப் பாடத்தை எடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அறுபது மீட்டர் கேபிள், அவ்வளவுதான்.

தெமோதரையில் ரயில் ஏறிப் பதுளைக்குப் போனாள். தோட்டப் பாடசாலை உபகரணப் பணிமனையின் களஞ்சியத்தில் ஸுபைரா என்ற எழுதுவினைஞர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸுபைரா முதலில் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ரோல் எப்பவோ வந்திட்டு டீச்சர். முந்நூற்றஞ்சு மீட்டர், பெட்டி பிரிக்காம. சேர் வீட்டுக்குக் கொண்டு போயிட்டார்.”

“வீட்டுக்கா? எதுக்குங்க?”

“பாட்டுக் கேட்டுப் பாக்கிறாராம். பாஸானாத்தான் ஸ்கூலுக்காம்.”

சேர் என்பவர் பிரதிப் பணிப்பாளர் கனகசபை. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகமாக வந்து இருபத்தைந்து வருடமாகப் பதுளையில் இருப்பவர். பணிமனையில் அவர் பிரதிதான். ஆனால் ஊவா தூய ஒலி மன்றத்துக்கு அவர்தான் தலைவர், அதில் அவருக்கு மேலே யாரும் இல்லை. ரொறன்ரோவிலிருந்து மைத்துனர் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். கணினியில் இருக்கும் பாட்டைக் கேபிள் வழியாக வாங்கி, ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டுக்குக் கொடுக்கும் பெட்டி அது. பெட்டி வந்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. எந்தக் கேபிளைப் போட்டாலும் அதில் ஏதாவது ஒரு குற்றம் அவர் காதில் விழுந்தது.

அவள் அவருடைய அறைக்குள் போனாள். “இருங்கோ டீச்சர்,” என்றார் கனகசபை. “கேபிள் எண்டால் என்னெண்டு நினைக்கிறியள்?”

“வயருங்க சேர்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பல்வலிக்காரர் முகம்போல் அவர் முகம் சுருங்கியது. “அங்கதான் பிழை. இந்தத் தேசமே அங்கதான் பிழைச்சது. உங்கட ரோலில இரண்டு மீட்டர் வெட்டி என்ர வீட்டில போட்டுக் கேட்டனான். நாதஸ்வரத்துக்கு மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்ச மாதிரி ஒரு சத்தம். அப்பிடிப்பட்ட ஒரு பொருளைப் பிள்ளையளிட்டக் குடுத்துப்போட்டு நான் நித்திரை கொள்ளேலுமே?”

“பிள்ளைங்க பாட்டு கேக்கப் போறதில்லீங்க சேர். பட்டியல் போடுவாங்க, கணக்குப் போடுவாங்க.”

“அப்ப கணக்குக்குத் தடிமன் பிடிக்கும்.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அந்த மௌனத்தைக் கனகசபை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இளகினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்றம் கூடி ஐந்து கேபிள்களைக் கேட்டு ஒன்றைத் தெரிவு செய்யப் போகிறதாம். மன்றத்தின் யாப்பில் ஒரு விதி உண்டாம். பெரிய பரிசோதனைகளில் தேர்ந்த காதுகளோடு ஒப்பிடுவதற்காக ‘சாதாரணச் செவி’ ஒன்றும் இருக்க வேண்டும். இதுவரை அந்தச் செவியாக இருந்த பால்காரர் இப்போது வருவதில்லை.

“நீங்கள் வந்தால் விஷயம் முடிஞ்சுது. அண்டைக்கே உங்கட ரோலுக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லிப்போடலாம்,” என்றார்.

அறுபது மீட்டருக்காக அவள் சாதாரணச் செவியாக இருக்க ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கனகசபை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அடுத்து, கடைசியாகப் பால் தேநீர் குடித்தது எப்போது என்று கேட்டார்கள். பால் காதுக்குள் ஆடை கட்டுமாம், ஆகவே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கேட்டவர் டொக்டர் குணமணி, மன்றத்தில் காதுகளுக்குப் பொறுப்பானவர். வெளியே அவர் பல் டொக்டர். மன்றத்தில் வேறு டொக்டர் யாரும் இல்லாததால் காதும் அவர் கைக்கு வந்திருந்தது. அவர் சின்ன டோர்ச் லைட்டை அடித்து அவளுடைய இரண்டு காதுகளையும் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்.

“காது சுத்தம். ஆனா பெக்டரிச் சங்கு ஊதுறதைக் கேட்டு வளர்ந்த காது. மேல் ஸ்தாயி தேய்ஞ்சு போயிருக்கும். பரவாயில்லை, எங்களுக்கு வேண்டியது அதுதான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சங்கு ஊதினால்தான் டொக்டர் குடிக்கும் தேயிலை பெக்டரியை விட்டு வெளியே வரும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அறுபது மீட்டரை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

கூடத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். கனகசபை இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டார். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி கூப்பிடுவாரே, அதே தோரணை. ஆனால் இங்கே யாரும் ‘வந்தேன்’ என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, ‘கேட்கிறேன்’ என்றுவிட்டு உட்கார்ந்தார்கள். முன்னாள் தோட்ட மனேஜர் ஒருவருக்கு உண்மையிலேயே காது மந்தம். அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவரும் எழுந்து ‘கேட்கிறேன்’ என்றார்.

கேபிள்கள் தரையைத் தொடக் கூடாதாம். பூமி அதிர்வு கேபிளில் ஏறி, அதிலிருந்து பாட்டில் ஏறிவிடுமாம். அதற்காக மனேஜரின் பங்களாவிலிருந்து ஒரு முழுப் பீங்கான் தேநீர்ச் செட்டு கொண்டுவந்து, கோப்பைகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்து, அவற்றின் மேல் கேபிளைப் படுக்க வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொடுத்தார்கள். கேபிளின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து எந்தத் திசையில் ஓடுகிறதோ, அந்தத் திசையில்தான் பாட்டும் ஓட வேண்டும் என்று டொக்டர் நினைவூட்டினார். எழுத்து அரபியில் இருந்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருவர் கேட்டார். அது பாரதூரமான கேள்வி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு, அதை ஆராய உபகுழு ஒன்றை நியமித்தார்கள். இதற்கு முக்கால் மணி நேரம் எடுத்தது.

கணினியையும் பெட்டியையும் ஒரு திரைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கேபிளை மாற்றிக் கொடுப்பது மாடசாமியின் வேலை. அவர் பணிமனையின் வயர்மேன், ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்து ஆள், ஞாயிறு லீவு நாளில் சேரின் வீட்டில் வந்து நின்றார். திரை எதற்கு என்றால், எந்தக் கேபிள் ஓடுகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாதாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கனகசபை எழுந்து கேபிளின் இலக்கத்தையும் பிறந்த நாட்டையும் உரக்க அறிவித்தார். ஒன்றுமே தெரியாமல் எப்படிக் கேட்பது என்பது அவருடைய நியாயம்.

சாதாரணச் செவிக்கு ஓரத்து நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் திரைக்குப் பின்னால் நடப்பது பளிச்சென்று தெரிந்தது. தேர்ந்த காதுகள் எல்லாம் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தன.

முதல் இலக்கம், பாடசாலை ரோலில் வெட்டிய துண்டு. இரண்டு நிமிட நாதஸ்வரம் ஓடி முடிந்ததும் தலைகள் ஆடின. “இடப் பக்கத்தில ஒரு வறுமை தெரியுது,” என்றார் டொக்டர். இரண்டாவது கொழும்பில் வாங்கியது. அதில் கடற்கரை வெக்கை அடிக்கிறது என்றார்கள். மூன்றாவது சிங்கப்பூரிலிருந்து வந்தது, அதில் ஒழுங்கு கூடி பக்தி குறைந்துவிட்டது. நான்காவது ஜெர்மன் கேபிள். அதில் வித்துவான் நின்றுகொண்டு வாசிப்பதாக மனேஜர் சொன்னார், இல்லை உட்கார்ந்திருக்கிறார் என்று டொக்டர் மறுத்தார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. பாக்கியலெட்சுமிக்கு நான்கும் ஒரே நாதஸ்வரமாகவே கேட்டது. ஒருவேளை குற்றம் தன் காதில்தானோ என்றுகூட ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. பெரிய மனிதர்கள் பதினான்கு பேர் ஒரே கூடத்தில் ஒரே விதமாகத் தலையாட்டும்போது யாருக்கும் அப்படித் தோன்றத்தான் செய்யும்.

ஐந்தாம் இலக்கம் வெல்வெட் பெட்டியில் வந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த கேபிள், பெருவிரல் தடிப்பு, நுனியில் வெள்ளிப் பூண். விலையைக் கேட்டால் காது அடைத்துவிடும். கனகசபை அதற்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து, இரு கையாலும் ஏந்தி மாடசாமியிடம் கொடுத்தார். மாடசாமி மாட்டினார். பாட்டு தொடங்கியது.

பத்து விநாடி ஆகியிருக்காது. பூணின் கனம் தாங்காமல் கேபிளின் நுனி பெட்டியிலிருந்து நழுவிக் கழன்று, கோப்பைகளுக்கு நடுவே தொங்கியது. மாடசாமிக்கு முகம் வெளிறியது. அவர் அதை எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார். பாட்டு நிற்கவில்லை.

அந்தப் பெட்டி அப்படித்தான். பாட்டைத் தொடங்கும்போதே முழுவதையும் அவசரமாக இழுத்துத் தன் வயிற்றில் போட்டுக்கொள்ளும். பிறகு கேபிள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கணினிப் புத்தகங்களைப் படித்திருந்த பாக்கியலெட்சுமிக்கு இது தெரியும். மன்றத்தாருக்கு அதையெல்லாம் தெரிந்துகொள்ள நேரம் இல்லை, அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தபோது டொக்டர் குணமணியின் கன்னத்தில் கண்ணீர் இருந்தது. “வாசிக்க முதல் சீவாளியை நாக்கில நனைக்கிறார். அது கேட்குது,” என்றார். அந்த வித்துவான் எந்த ஊர் என்பதே தனக்கு இப்போதுதான் விளங்கியதாக இன்னொருவர் சொன்னார். மனேஜர் எழுந்து, யாரும் கூப்பிடாமலே ‘கேட்கிறேன்’ என்றார். ஐந்தாம் இலக்கம் ஏகமனதாகத் தெரிவானது.

“சாதாரணச் செவி என்ன சொல்லுது?” என்று கனகசபை சிரித்தார்.

“எனக்கு அஞ்சும் ஒண்ணாத்தாங்க சேர் கேட்டிச்சு,” என்றாள் பாக்கியலெட்சுமி. “அஞ்சாவதுல கேபிளே இல்லீங்க. ஆரம்பத்துலயே கழண்டு விழுந்திருச்சு.”

யாரோ திரையை இழுத்தார்கள். மாடசாமி கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாட்டத்தாங்க செஞ்சேன். அதுவா கழண்டிருச்சு. பாட்டு நிக்கல, அதான் நானும் சும்மா நின்னுட்டேன்,” என்றார்.

ஒரு நிமிடம் பதினான்கு பேரும் சாதாரண மனிதர்களாக இருந்தார்கள். இனிச் சிரித்துவிட்டு ரோலைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று பாக்கியலெட்சுமி நினைத்தாள். அவளுக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. அந்தப் பரிதாபத்தை அவள் பிறகு பல தடவை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கனகசபை எழுந்தார்.

“அன்பர்களே, இண்டைக்கு என்ன நடந்தது எண்டு விளங்குதே? கேபிள் கழண்டது எங்களுக்குத் தெரியாது. ஆனா எங்கட காதுக்குத் தெரிஞ்சுது. கேபிள் இல்லையெண்ட உடனயே, இதுதான் உயர்ந்தது எண்டு பதினாலு சோடிக் காதும் கண்டுபிடிச்சிட்டுது. இதைவிட எங்களுக்கு என்ன அத்தாட்சி வேணும்? கேபிள்தான் சங்கீதத்தின்ர எதிரி எண்டு நான் எத்தினை வருஷமாச் சொல்லிக்கொண்டு வாறன்.”

அவர் அப்படிச் சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள். அப்படியானால் ஐந்தாம் இலக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். டொக்டர் குணமணி பதறிப்போனார்.

“மலிவான கேபிள் இல்லாமல் இருக்கிறதும், விலை கூடின கேபிள் இல்லாமல் இருக்கிறதும் ஒண்டில்லை. இதை மாட்டித்தான் கழட்ட வேணும்.”

அதன்படி, ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்தாம் இலக்கத்தை மாட்டி, பத்து விநாடியில் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து கழற்றுவது என்று தீர்மானமானது. யார் மூத்தவர் என்பதில் மறுபடி வாக்குவாதம் எழுந்தது. அதற்கும் ஓர் உபகுழு அமைந்தது.

“அப்ப எங்க ரோலு, சேர்?” என்று பாக்கியலெட்சுமி கேட்டாள்.

கனகசபை அவளை மிகவும் வருத்தத்தோடு பார்த்தார். “இவ்வளவு பெரிய உண்மை தெரிஞ்ச பிறகும் அந்தப் பிள்ளையளிட்டக் கேபிளைக் குடுக்கச் சொல்லுறியளே டீச்சர்? உங்களுக்குப் பிள்ளையளில இரக்கம் இல்லையே?”

திரும்பும் ரயிலில் அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. தன் பிள்ளைகளின் கேபிளை எடுத்து நாதஸ்வரம் கேட்டவரிடம், இரக்கம் இல்லாதவள் என்று பேர் வாங்கிக்கொண்டு வருகிறோமே என்று தெமோதரை வரும் வரைக்கும் மனதுக்குள் குமைந்துகொண்டே வந்தாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இந்தத் தடவை பணிமனை மின்னல் வேகத்தில் வேலை செய்திருந்தது. ‘கேபிள் இன்றிய இணைப்பே உயர்தரமானது என நிபுணர் குழுவினால் நேரடிப் பரிசோதனை மூலம் நிறுவப்பட்டுள்ளமையால், தங்களது கோரிக்கை அவசியமற்றதாகின்றது. தங்கள் பாடசாலை ஏற்கனவே அந்நிலையில் இருப்பது பாராட்டத்தக்கது. குறித்த கேபிள் சுருள் பாவனைக்கு உதவாதது என ஒதுக்கப்பட்டு, அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் சாட்சியுடன் அழிக்கப்படும்.’

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாடசாமி ஒரு பெரிய உரப்பையைத் தோளில் சுமந்துகொண்டு பாடசாலைக்கு ஏறி வந்தார்.

“அழிக்கச் சொல்லி எங்கிட்டதாங்க குடுத்திருக்காங்க,” என்றார். “சாட்சிக் கையெழுத்துக்குப் பதுளையில நாயா அலைஞ்சேன். பின்னால ஏதும் பிரச்சின வருமோன்னு ஒருத்தரும் போட மாட்டேங்கிறாங்க. நீங்களும் அரசாங்க உத்தியோகத்தர்தானுங்களே.”

“எங்க வச்சு அழிக்கப் போறீங்க?”

“எங்க வச்சு, எப்புடின்னு உத்தரவுல போடலங்க.” மாடசாமி கணினி அறையின் சுவரை அளவெடுப்பதுபோல் பார்த்தார். “இந்த அறையில வச்சு அழிச்சாத் தோதா இருக்கும்னு தோணுது.”

இது பொய்ச் சாட்சி. தெரிந்தால் வேலை போகும், அந்த வேலையை நம்பித்தான் வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். அறைக்கு வெளியே பிள்ளைகள் கணினிப் புத்தகத்தை விரித்து, படத்தில் இருந்த விசைப்பலகையில் விரலை வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவள் கையெழுத்தைப் போட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாடசாமி சுவரோரமாக அந்தக் கேபிளை ஒழுங்காக ஆணியடித்து அழித்தார். திங்கட்கிழமை காலை பதினொரு கணினிகளும் ஒன்றோடொன்று பேசின.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் திகதி பரிசோதகர் வந்தார். படிவத்தைத் தவிர வேறு எதையும் வாழ்க்கையில் நம்பிப் பழகாத மனிதர். சுவரில் ஓடும் கேபிளைக் கண்டதும் பேனாவை மூடினார்.

“டீச்சர், கேபிள் கூடாது எண்டு பணிமனை சொல்லியிருக்கே. இது என்ன?”

அவள் அழிப்புச் சான்றிதழையும் கனகசபையின் கடிதத்தையும் எடுத்து நீட்டினாள். அவர் இரண்டையும் இரண்டு தடவை படித்தார்.

“கேபிள் அழிக்கப்பட்டது. சாட்சி நீங்கள்.”

“ஆமாங்க.”

“அப்ப சுவரில இருக்கிறது?”

“சேர் கையெழுத்து இருக்கிறது கடிதத்துலதாங்க. சுவத்துல யாரும் கையெழுத்துப் போடல. நீங்க எத எழுதுவீங்கன்னு நீங்களே பாத்துக்கங்க.”

அவர் சுவரைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். கடிதத்தில் முத்திரையும் இருந்தது. படிவத்தில் எழுதினார்: கேபிள், இல்லை. இணைப்பு, உண்டு. தரம், மிக நன்று.

அந்தப் படிவம் பதுளைக்குப் போய் ஒரு மாதத்துக்குள் கனகசபை மேடையேறினார். உலகில் முதன்முதலாகக் கேபிளும் இல்லாமல், வேறு எதுவும் இல்லாமல் ஒரு தோட்டப் பாடசாலையை இணைத்தவர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் பாக்கியலெட்சுமியையும் உட்கார வைத்திருந்தார்கள். அவர் இறங்கி வந்து, “பார்த்தியளே டீச்சர், கடைசியில என்ர காதுதான் உங்கட பிள்ளையளைக் காப்பாற்றினது,” என்றார். அவள், “ஆமாங்க சேர்,” என்றாள். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்காக அந்த மனிதர் முன்னால் அதையும் சொன்னாள்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் அவள் மறந்திருப்பாள். அடுத்த கிழமை சுற்றறிக்கை ஒன்று வந்தது. ‘ஊசிமலை முன்மாதிரியைப் பின்பற்றி’ மற்ற நாற்பது தோட்டப் பாடசாலைகளிலும் இருக்கும் கேபிள்களைக் கழற்றி அழிக்க வேண்டுமாம். முன்மாதிரிக்குச் சாட்சியாக அவளுடைய முழுப் பெயரையும் கீழே அச்சடித்திருந்தார்கள். தன் பிள்ளைகளுக்காகச் சொன்ன ஒரு பொய்க்கு நாற்பது பாடசாலைப் பிள்ளைகள் தண்டனை வாங்கப் போகிறார்களே என்று அன்று அவளால் ஒரு பாடமும் நடத்த முடியவில்லை.

அன்று மத்தியானம் கொஸ்லந்தையிலிருந்து ரெங்கம்மா டீச்சர் போன் எடுத்தாள். இருவரும் ஒன்றாகப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள். ரெங்கம்மாவின் குரலில் கோபம் இருந்தது.

“நாளைக்கிக் காலையில எங்க கேபிளக் கழட்ட வர்றாங்களாம். சாட்சின்னு ஒம் பேரு போட்டிருக்கு. என்னா லெச்சுமி பண்ணி வச்சிருக்க?”

பாக்கியலெட்சுமி எழுந்து கணினி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“யாரு கழட்ட வர்றது?”

“மாடசாமின்னு ஒரு வயர்மேனாம்.”

“கழட்ட விடு. பத்திரமாச் சுத்தி வைக்கச் சொல்லு. அழிக்கிறதுக்குச் சாட்சிக் கையெழுத்து வேணும், ஒங்க பக்கம் யாரும் போட மாட்டாங்க, நீயும் மாட்டிக்க வேணாம். நான் மொத பஸ்ஸுல வந்து போட்டுத் தாறேன்,” என்றாள். “அதுக்குள்ள ஆணியும் சுத்தியலும் எடுத்து வை.”